ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த வைரஸ்

சகாயம்மாளுக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது அவருடைய கையெழுத்தால். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிருந்த பங்குத்தந்தை எழுதுவதைப் பிறரால் வாசிக்க முடியாது; இரண்டு நாள் கழித்து அவராலேயே வாசிக்க முடியாது. ஒரு பெண் குழந்தையின் ஞானஸ்நானச் சான்றிதழில் 'அருள்மேரி' என்று அவர் எழுதியதை, பள்ளியில் சேர்க்கும்போது 'அரளிவேர்' என்று பதிந்துவிட்டார்கள். குழந்தையின் அப்பா கோயில் வாசலில் நின்று போட்ட சத்தம் ஆத்தூர் சாலை வரைக்கும் கேட்டதாம். அடுத்த வாரமே, முத்து முத்தாக எழுதும் ஒரு ஆள் வேண்டுமென்று பூசையில் அறிவித்தார்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவரின் மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அப்படி வந்து உட்கார்ந்தவர்தான் சகாயம்மாள்.

எங்கள் ஊர் சேலத்துக்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யாருக்கு எந்த வருடம் கல்யாணம், ஞானப்பெற்றோர் யார் என்பதெல்லாம் சகாயம்மாளுக்கு மனப்பாடம். எனக்கு ஞானத்தாய் யாரென்று என் அம்மாவுக்கே மறந்துபோய், அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

கணினி வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. முதல் ஒரு மாதம் அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, எதிரில் உட்கார்ந்து பேனாவால் எழுதினார். இரண்டாவது மாதம் உறையைக் கழற்றினார். மூன்று வருடத்தில் பழைய பதிவேடுகள் அத்தனையையும் ஒற்றை விரலால் தட்டி உள்ளே ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கணினியை வேறு யாராவது தொட்டால், தன் அடுப்பில் அடுத்த வீட்டுக்காரி உலை வைத்ததைப் போல முகம் மாறும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் திரை வைத்து, பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் காட்டும் ஏற்பாடு வந்த பிறகு, அலுவலகத்துக் கணினியிலிருந்துதான் கோயிலுக்குள் கேபிள் போயிற்று, பாடகர் குழுவின் பக்கத்துக்கு ஒரு மவுஸோடு. அதை இயக்குகிறவர் பாடகர் குழுத் தலைவர் சின்னப்பராஜ். அரசுப் பேருந்தில் முப்பத்திரண்டு வருடம் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். சன்னமான குரல் என்று அவர் சொல்லிக்கொள்வார். விசில் ஊதி ஊதிப் பழகிய குரல் என்று சகாயம்மாள் சொல்வார். பாட்டுத்தாளுக்கு எந்தப் பீரோவில் காகிதம் எடுப்பது, அலுவலகச் சாவியை எந்த ஆணியில் மாட்டுவது என்று இருவருக்கும் பதினைந்து வருடமாக ஒரு மனத்தாங்கல் ஓடிக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே சண்டை இல்லை. ஆளுக்கொரு பக்கமாய்ப் பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்வார்கள். அவர் இருவருக்கும் தலையாட்டுவார்.

தொல்லை ஆரம்பித்தது ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில். முதல் பூசை முடிந்து எட்டு மணிக்கு சகாயம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ஜெர்லின் என்ற பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஊர்ப் பங்குக்கு அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கணினித் திரையின் மூலையில் எப்போதும் பச்சையாக இருக்கும் சின்னக் கேடயம் சிவப்பாக இருந்தது. அது வைரஸ் தடுக்கிற மென்பொருளின் அடையாளம். 'உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை' என்று ஒரு பெட்டி வேறு வந்து நின்றது. காவல் இல்லாத வீட்டுக் கதவைத் திறந்து வைக்கக் கூடாது என்று அந்த மென்பொருளே இணையத்தை அடைத்துவிட்டது. சான்றிதழ் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் நவீன்குமாரை வரவழைத்தார். அம்மாப்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், கெட்டிக்காரர். அவர் வந்து பொத்தானை அமுக்கினார். கேடயம் பச்சையாக, வாழைக்குருத்து மாதிரி வந்து நின்றது.

"நல்லாத்தானுங்க மேடம் இருக்குது?"

"நேத்து செவப்பா இருந்துச்சு தம்பி."

"இப்ப பச்சைங்க."

"இப்ப பச்சைன்னு எனக்கும் தெரியுது."

வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவர் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சகாயம்மாள் ஜெர்லினின் சான்றிதழை அனுப்பினார். அடுத்த ஞாயிறு மறுபடியும் சிவப்பு. திங்கள் பச்சை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது தடவை வந்தபோது நவீன்குமார் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "மேடம், ஞாயித்துக்கெழம மட்டும் வர்ற வைரஸ்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாதுங்க."

கேட்டுக்கொண்டிருந்த பங்குத்தந்தை, "வாராவாரம் தவறாம கோயிலுக்கு வருதுன்னா நம்ம இளைஞர் குழுவ விட அது தேவலாம்," என்றார்.

சகாயம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவரை இன்னும் அரித்தது.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் கூட்டம். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பங்குத்தந்தை பிரசங்கத்தில் உருகிப் பேசிக்கொண்டிருந்தார். தாயின் மடியில் இருக்கிற பிள்ளைக்கு என்ன பயம், நமக்கு என்ன குறை, நாம் எப்பேர்ப்பட்ட பாதுகாப்பில் இருக்கிறோம் என்று சொல்லி, கையை விரித்து ஒரு கணம் நிறுத்தினார். அந்தக் கணத்தில் அவருக்குப் பின்னால் இருந்த திரையில், மாதா படத்துக்கு மேலே, ஆள் உயரத்துக்குச் சிவப்பாக எழுந்தது பெட்டி: 'நீங்கள் பாதுகாப்பில் இல்லை. உடனே சரிசெய்யவும்.'

முதலில் சிரித்தது பூசை உதவிக்கு நின்ற பிள்ளைகள். பிறகு பெண்கள் பக்கம். பிறகு பந்தல். பங்குத்தந்தை திரும்பிப் பார்த்தார், வாசித்தார், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவரும் குலுங்கினார். சகாயம்மாள் ஒருவர் மட்டும் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

அன்றிலிருந்து ஆளாளுக்கு வைத்தியம். ஒருவர் அந்தோணியார் படத்தைத் திரையின் நெற்றியில் ஒட்டினார். வேளாண்மை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஈரப்பதம்தான் காரணம் என்று பக்கத்தில் ஒரு கிண்ணம் உப்பு வைத்தார். மரியாயின் சேனை என்ற செபக்குழுவைச் சேர்ந்த பாட்டி ஒருவர் தீர்த்தச் செம்போடு வந்து கணினிக்குள் தெளிக்கப் போனபோது, சகாயம்மாள் மழைக்கோட்டை விரித்து அதன்மேல் விழுந்து காப்பாற்றினார். "செத்துப் போயிடும்மா அது!" என்று அவர் அலற, "அதுக்குத்தானடி தெளிக்கிறேன்," என்றார் பாட்டி.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அன்றைக்குத்தான் சகாயம்மாள் முடிவு கட்டினார். கணினி அவருக்குப் பாதிதான் புரியும். பதிவேடு முழுக்கப் புரியும். கோடு போட்ட ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்குக் கேடயம் பச்சையா சிவப்பா என்று தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். பழைய சிவப்பு நாட்களையும் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தார். ஞாயிறுகள் எல்லாம் சிவப்பு. ஆகஸ்ட் பதினைந்து சிவப்பு. ஜூலையில் ஒரு புதன்கிழமை சிவப்பு. திருமணப் பதிவேட்டைப் புரட்டினார். அன்று ஜெர்லினின் கல்யாணம், பாட்டுப் பூசை. மற்ற நாளெல்லாம் பச்சை.

செப்டம்பர் முதல் ஞாயிறன்று விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அன்று பாடகர் குழு முழுவதும் வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போயிருந்தது. திரை போடவில்லை; மக்கள் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளைப் பாடினார்கள். எட்டு மணிக்கு சகாயம்மாள் கணினியைப் போட்டார். பச்சை.

அவர் நோட்டில் எழுதிய வாக்கியத்தைப் பின்னால் எங்களுக்குக் காட்டினார்: 'வைரஸும் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறது.'

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கே கோயிலுக்கு வந்துவிட்டார். அலுவலகத்தில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு உட்கார்ந்தார். செபமாலையில் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிக்கும் நேரத்தில் கதவு திறந்தது. சின்னப்பராஜ். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் பென் டிரைவ். நாற்காலியைத் துண்டால் தட்டினார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், கணினியைப் போட்டார். பென் டிரைவைச் செருகினார். பிறகு சகாயம்மாள் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைத் திறந்தார். அதில் கணினியோடு சேர்ந்த டிஸ்க்குகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தோடு நின்றன. வெளியே தனிப் பெட்டியாக இணைத்திருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு E என்ற எழுத்து. சின்னப்பராஜ் அதைத் தேர்ந்தெடுத்து அந்த எழுத்தைப் பிடுங்கினார். ஒரு எச்சரிக்கை வந்தது. ஆமாம் என்று தட்டினார். பிடுங்கிய E-யைத் தன் பென் டிரைவுக்குக் கொடுத்தார்.

"என்னாங்க பண்றீங்க?"

சின்னப்பராஜ் நாற்காலியோடு ஒரு முழம் நகர்ந்துவிட்டார். "யேசுவே! நீங்க எப்பங்க வந்தீங்க?"

"நான் வந்தது இருக்கட்டும். அந்த எழுத்த ஏன் மாத்துறீங்க?"

அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டியது என்றே அவருக்குத் தெரியாது. பாட்டுப் பக்கங்களை அவர் வீட்டில் உட்கார்ந்து செய்கிறார். பின்னணிப் படம், பாட்டுக்கு முன்னால் வரும் மெட்டு எல்லாம் பென் டிரைவில் தனித்தனிக் கோப்பு. வீட்டுக் கணினியில் பென் டிரைவின் எழுத்து E. படம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் 'E-யில்' என்றே ஒவ்வொரு பக்கத்திலும் பதிவாகிவிடுகிறது. ஜூன் மாதம் முதன்முதலாகப் படமும் மெட்டுமாகச் செய்து கொண்டுவந்து இங்கே செருகினால், E-யில் ஏற்கனவே ஹார்ட் டிஸ்க் இருந்தது. பென் டிரைவுக்கு F கிடைத்தது. படமும் வரவில்லை, மெட்டும் வரவில்லை. மருமகனிடம் போனில் கேட்டார். எழுத்தை மாற்றிக்கொள்ளும் வழியை அவன் சொல்லிக் கொடுத்தான்.

"ஆனா ஒண்ணு சொல்றேங்க," என்றார் சின்னப்பராஜ், நிமிர்ந்து உட்கார்ந்து. "கடைசிப் பூச முடிஞ்சதும் ஒவ்வொரு வாரமும் பழையபடியே மாத்தி, அணைச்சுட்டுத்தான் போவேன். பொதுச் சொத்து. எடுத்தத எடுத்த எடத்துல வெக்கணும்."

அதனால்தான் திங்கட்கிழமைகளெல்லாம் பச்சை. சகாயம்மாளுக்குப் புரிய ஆரம்பித்தது. கணினியின் உள்ளே இடம் நிரம்பிவிட்டதென்று, வைரஸ் தடுப்பு மென்பொருளின் கோப்புகளை அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருப்பதாக நவீன்குமார் ஒருமுறை சொல்லியிருந்தார்.

"மாத்தும்போது ஏதோ எச்சரிக்க வந்துச்சே, அது என்ன?"

"இதுங்களா? இந்த எழுத்த நம்பி இருக்குற சில புரோகிராம் வேல செய்யாமப் போகலாம், பரவாயில்லையான்னு கேக்குதுங்க."

"நீங்க?"

"பரவாயில்லன்னேன்."

"வாராவாரம்?"

"வாராவாரம் கேட்டுச்சுங்க. வாராவாரம் பரவாயில்லன்னேன்."

சகாயம்மாள் பதினைந்து வருடத்துக் கோபத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் சின்னப்பராஜின் முகம் மாறிவிட்டது. கடைசி நிறுத்தத்துக்கு அப்புறம் டிக்கெட் கணக்கு இடிக்கிறதென்று கண்டுபிடித்த நடத்துனரின் முகம்.

"அப்ப அந்தச் செவப்புப் பெட்டி... பெருவிழா அன்னைக்கு... அது என்னாலயாங்க?"

"வேற யாரால?"

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மாசமா விசுவாசிகள் மன்றாட்டுல கடைசியா ஒண்ணு சேத்துக்கிட்டிருக்கேன், கவனிச்சீங்களா? 'நம் பங்கின் தேவைகளுக்காக'ன்னு. மனசுக்குள்ள நான் நெனச்சது இந்தக் கம்ப்யூட்டரத்தாங்க. நீங்க பெருவிழா அன்னைக்கு முக்காட்ட இழுத்துட்டு ஒக்காந்திருந்தத நான் பாட்டுக்கு வாசிக்கிற கீபோர்டு பக்கத்துல இருந்து பாத்தேன்."

சகாயம்மாளுக்குத் திட்டுவதற்கு வைத்திருந்த சொற்களெல்லாம் எங்கோ போய்விட்டன. சின்னப்பராஜ் செய்துவைத்திருந்த பக்கங்கள் திரையில் ஒவ்வொன்றாக ஓடின. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம்: ஏற்காடு மலைமேல் மேகம், காவிரியில் விழும் வெளிச்சம், எங்கள் கோயில் கோபுரமே ஒன்றில். அறுபத்திரண்டு வயதில் இத்தனையையும் தனியாகக் கற்றுச் செய்திருக்கிறார். நாம்தான் வரியை மட்டும் பார்த்துப் பாடிவிட்டுப் போயிருக்கிறோம்.

"இன்னைக்கு இப்படியே ஓட்டுங்க," என்றார் சகாயம்மாள். "பெட்டி வந்தா அமுக்கி விடுங்க. ரெண்டாம் பூசைக்கு அப்புறம் நவீன்குமார வரச் சொல்றேன்."

நவீன்குமார் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை. அன்று வந்தார். அலுவலகத்தில் அவர், சகாயம்மாள், சின்னப்பராஜ், பங்குத்தந்தை நால்வரும் கணினியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னப்பராஜ் மறுபடி எல்லாவற்றையும் செய்து காட்டினார். நவீன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் மூணு தடவ வந்தேன். ஞாயித்துக்கெழம இந்தக் கம்ப்யூட்டர்ல யாரு ஒக்கார்றாங்கன்னு ஒரு தடவ கேட்டிருந்தாப் போதும்ங்க. கேக்கல."

பங்குத்தந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை. "வெறும் எழுத்துதானே? ஒரு எழுத்து மாறினதுக்கா காவல்காரன் வேலய விட்டுட்டுப் போயிட்டான்?"

சின்னப்பராஜ் முந்திக்கொண்டார். "நான் சொல்றேன் ஃபாதர். ஆத்தூர் பஸ்ஸுல ஒருத்தர் ஜன்னல் சீட்டுல துண்டு போட்டு எடம் புடிச்சுட்டு, வீட்டுக்காரம்மாகிட்ட 'டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல இருப்பேன்'னு சொல்லிட்டாரு. நான் போயி அவர எழுப்பிவிட்டுட்டு அங்க ஒக்காந்துட்டேன். அந்தம்மா மூணாவது சீட்டுக்கு வந்து பாக்குது. நான் இருக்குறேன். புருசனக் காணோம்னு கத்துது. அந்தக் கத்தல்தான் செவப்புப் பெட்டி."

"அவரு பஸ்ஸுலதான் இருக்காரு?" என்றார் பங்குத்தந்தை.

"பஸ்ஸுலதான் இருக்காரு. சீட்டு நம்பர்தான் இல்ல. அந்தம்மாவுக்கு வேற எடத்துல தேடத் தெரியாது."

"சரியாத்தான் சொல்றாருங்க," என்றார் நவீன்குமார், கொஞ்சம் பொறாமையோடு.

சகாயம்மாளுக்கு ஒரு சந்தேகம். "இருபத்தாறு எழுத்து இருக்குதே. ரெண்டு பேரும் ஏன் ஒண்ணுக்கு அடிச்சுக்கணும்? ஹார்ட் டிஸ்க்குக்கு S-ஓ T-யோ, கடைசிப் பக்கமா ஒண்ணு குடுத்துட்டா?"

"அதுவும் செய்யலாம் மேடம். வெளியில செருகுற சாமானெல்லாம் முன்னாடி இருக்குற எழுத்தத்தான் புடிக்கும், கடைசிக்கு வராது. ஆனா மொதத் தப்பு என்னோடது. காவல்காரனக் கழட்டி எடுக்குற பொட்டியில குடிவெச்சிருக்கக் கூடாது. உள்ள, C-யில இருக்கணும். ஓடிட்டிருக்குற கம்ப்யூட்டர்ல அந்த C-ங்கிற எழுத்த மாத்த அது விடவே விடாது."

"அப்ப அது டிரைவர் சீட்டு," என்றார் சின்னப்பராஜ். "அங்க எவனும் துண்டு போட மாட்டான்."

C-யில் இடம் ஏன் இல்லை என்று பார்த்தால், ஒன்பது வருடத்துத் தேர்த் திருவிழாக் காணொளிகள் அங்கே கிடந்தன. ஒரே தேர், ஒரே தெரு, ஒன்பது தடவை. ஒரு வருடத்தில் முக்கால் மணி நேரம் கேமராக்காரர் பஜ்ஜிக் கடையையே எடுத்திருந்தார். எதையும் அழிக்கக் கூடாது என்று பங்குத்தந்தை சொன்னதால், அத்தனையையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, அந்த டிஸ்க்குக்கு T என்று தனி எழுத்துக் கொடுத்தார் நவீன்குமார். காலியான C-யில் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதிதாகப் போட்டார். E பாட்டுக்கு என்று ஆயிற்று. பென் டிரைவை எடுத்தும் செருகியும், அணைத்தும் போட்டும் ஆறு தடவை சோதித்தார்கள். ஆறு தடவையும் பச்சை. கடைசியாகப் பென் டிரைவையே வைரஸுக்குச் சோதித்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அது சுத்தமாக இருந்ததில் சின்னப்பராஜுக்கு, மருத்துவப் பரிசோதனை முடிவு வந்த மாதிரி நிம்மதி.

சகாயம்மாள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் நான்கு பங்காயின. நவீன்குமார் புரட்டாசி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறதென்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பில் பங்குத்தந்தை நவீன்குமாருக்கு நன்றி சொன்னார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்டுபிடித்தது அவரல்ல, நம் சகாயம்மாள் என்று சொல்லி, நடந்ததை முழுவதுமாகச் சொன்னார். கைதட்டல் வந்தது. சகாயம்மாள் எழுந்து நிற்கவில்லை. ஆனால் முக்காட்டையும் இழுத்துக்கொள்ளவில்லை. யார் எழுத்தை மாற்றியது என்பதைப் பங்குத்தந்தை சொல்லாமல் விட்டார். கீபோர்டு பக்கத்திலிருந்து சின்னப்பராஜ் தானாகவே கையைத் தூக்கிவிட்டார்.

இருவருக்கும் சமாதானம் ஆகிவிட்டதென்று நினைத்தோம். பாட்டுப் பக்கங்களைக் கோயிலில் காட்டுவதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் சகாயம்மாளிடம் ஒருமுறை காட்டிவிடுவது என்று சின்னப்பராஜ் தாமாகவே முன்வந்தார். முதல் சனிக்கிழமை சகாயம்மாள் பதினேழு பிழை கண்டுபிடித்தார். 'அருள்' என்பதற்கு 'அருல்', 'பலி' என்பதற்கு 'பழி'.

"பாடும்போது யாருங்க கவனிக்கப் போறா?" என்றார் சின்னப்பராஜ்.

"கடவுளுக்குப் பழி குடுக்கச் சொல்லி ஊரையே பாட வெச்சிருக்கீங்க, ரெண்டு வருசமா!"

இப்போது பங்குத்தந்தையிடம் யாரும் போவதில்லை. நேருக்கு நேரே நடக்கிறது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அலுவலகப் பக்கம் போனால், ளகரமா ழகரமா என்று சாலை வரைக்கும் கேட்கும்.